சமூகப் பணிக்கு வரவைப்பது எது, அதில் நிலைக்கவைப்பது எது?

கேள்வி: "பி.காம். கடைசி வருடம். ஊர் பெருந்துறைப் பக்கம். அடுத்து எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப் பணி முதுகலை) படிக்க ஆசை. வீட்டில், 'ஊருக்கு ஒழைக்கறதுக்கா கண்ணு உன்னைப் படிக்க வெச்சோம்?' என்கிறார்கள். எதற்காகத்தான் மனிதர்கள் இந்த வேலைக்கு வருகிறார்கள்? சேவை மனசு இருந்தால் போதுமா?"

சேவை மனசு வேண்டும், ஆனால் அதை மட்டும் நம்பி வராதீர்கள். இந்த வேலைக்கு வருகிறவர்களிடம் ஒரே ஒரு காரணம் இருப்பது அபூர்வம். வீட்டில் பட்ட காயம், கோபம், பக்தி, மனிதர்கள் மேல் இருக்கும் ஆர்வம், ஒரு நல்ல வேலை தேவை என்ற கணக்கு எல்லாம் கலந்துதான் இருக்கும். அதில் எது உயர்ந்தது என்று தராசு பிடிக்க வேண்டியதில்லை. உங்களை இங்கே தள்ளிக்கொண்டு வந்தது எது என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். தெரியாவிட்டால், உதவி கேட்டு எதிரில் உட்கார்ந்திருப்பவருக்கான முடிவை அவருக்குப் பதிலாக உங்கள் காரணமே எடுத்துவிடும். இந்தத் தொழிலில் நடக்கும் தவறுகளில் பல இங்கேதான் தொடங்குகின்றன.

முதலில் வீட்டுக் காயம். விண்ணப்பக் கடிதங்களில் எழுதப்படாத, ஆனால் அதிகம் பேரை அழைத்து வருகிற காரணம் இது. குடித்தே குடும்பத்தைக் கரைத்த அப்பா, மூன்று வருட ஒப்பந்தத்தில் மில் விடுதிக்குப் போன அக்கா, நடக்க முடியாத தம்பி, கிணறு வற்றிக் கடனில் மூழ்கிய பெரியப்பா. இப்படி ஒரு வீட்டிலிருந்து வருகிறவருக்கு, மற்றவர்களுக்கு வகுப்பில் சொல்லித்தர வேண்டிய பல விஷயங்கள் முன்பே புரிந்திருக்கும். குடிகாரர் வீட்டில் சாயங்காலம் ஆறு மணிக்குக் குழந்தைகளின் காது எங்கே இருக்கும் என்று அவருக்கு யாரும் விளக்க வேண்டாம்.

அதே இடத்தில்தான் சறுக்கலும் இருக்கிறது. குமாரபாளையத்தில் தறி ஓட்டுகிறவரின் மனைவி ஒருவர் அடிபட்டு வந்து உட்காருகிறார் என்று வைத்துக்கொள்வோம். 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி அவருக்குப் பாதுகாப்பு உத்தரவு, அதே வீட்டில் குடியிருக்கும் உரிமைக்கான உத்தரவு, ஜீவனாம்சம், குழந்தைகளின் தற்காலிகப் பொறுப்பு எல்லாம் கேட்க வழி உண்டு. பாதிக்கப்பட்ட பெண்களுக்கான ஒருங்கிணைந்த சேவை மையத்தில் சில நாள் தங்கலாம். கணவரைக் குடிநோய் சிகிச்சைக்குச் சேர்க்கலாம். இதில் எது, எப்போது என்பதை முடிவு செய்ய வேண்டியவர் அந்தப் பெண். குடிகார அப்பாவைப் பார்த்து வளர்ந்த புதிய பணியாளரோ, தன் அம்மா எடுக்காமல் விட்ட முடிவை இந்தப் பெண்ணை எடுக்க வைக்கப் பார்ப்பார். முதல் சந்திப்பிலேயே "விட்டுட்டு வந்துருங்க" என்பார். அந்தப் பெண் தலையாட்டிவிட்டுப் போவார், அடுத்த வாரம் வரமாட்டார். வராமல் போனதற்கு அவருடைய கோழைத்தனம் காரணம் என்று பணியாளர் எழுதி வைப்பார்.

இதற்குப் பயிற்சியில் ஒரு மருந்து இருக்கிறது. சந்திப்பு முடிந்த அன்றைக்கே தாளில் கோடு கிழித்து மூன்று பத்தியாக எழுத வேண்டும். அவர் சொன்னது ஒரு பத்தி, நான் சொன்னது ஒரு பத்தி, அந்த நேரத்தில் எனக்குள் ஓடியது மூன்றாவது பத்தி. வழிகாட்டும் ஆசிரியர் முதல் இரண்டை வேகமாகத் தாண்டிவிட்டு மூன்றாவதில்தான் நிற்பார். மாணவர்கள் அதைக் காலியாக விடுவார்கள், அல்லது "வருத்தமாக இருந்தது" என்று ஒரே வரியில் முடிப்பார்கள். அப்படி விட்டவர்களுக்கு வீட்டுக் காயம் கடைசிவரை தொந்தரவு செய்யும். நேர்மையாக நிரப்பியவர்களுக்கு அதே காயம் பெரிய பலமாக மாறும்.

அடுத்தது சேவை மரபு. கொங்கு நாட்டில் இதற்கு ஆழமான வேர் உண்டு. 1921இல் ஈரோட்டில் பெரியாரின் குடும்பமே கள்ளுக்கடை மறியலில் நின்றது. 1925இல் திருச்செங்கோடு அருகே புதுப்பாளையத்தில் ராஜாஜி காந்தி ஆசிரமம் தொடங்கினார். கதரும் தீண்டாமை எதிர்ப்பும் மதுவிலக்கும் அங்கிருந்து பரவின. 1937இல் அவர் ஆட்சிக்கு வந்ததும் மதுவிலக்கு முதலில் நடைமுறைக்கு வந்தது அன்றைய சேலம் மாவட்டத்தில்தான். அவினாசிலிங்கம் 1930இல் தொடங்கிய ராமகிருஷ்ண வித்யாலயம் என்ற கல்வி நிறுவனம் பெரியநாயக்கன்பாளையத்தில் இன்றும் நடக்கிறது. இன்னொரு பக்கம், பள்ளிக்கு பெஞ்சு வாங்கித் தருவதும் நோம்பிக்கு அன்னதானம் போடுவதும் இங்கே சம்பாதித்த மனிதருக்கு இயல்பான காரியம். இந்தச் சூழலில் வளர்ந்த பிள்ளை "நானும் நாலு பேருக்கு உதவணும்" என்று கிளம்புவதில் வியப்பில்லை.

உதவியையும் சமூகப் பணியையும் குழப்பிக்கொள்வதில்தான் இந்தக் காரணம் ஏமாற்றத்தில் முடிகிறது. கொடுப்பவருக்கு நன்றி கிடைக்கும். சமூகப் பணியாளருக்குப் பல நாள் திட்டுத்தான் கிடைக்கும். குழந்தைத் திருமணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கு ஒரு அழைப்பு வருகிறது, பத்தாவது படிக்கும் பெண்ணுக்கு நாளைக் காலையில் முகூர்த்தம். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலிருந்து ஒருவர், சமூக நலத்துறை, போலீஸ் என்று கிளம்பிப் போய், வயதுக்குச் சான்றாகப் பள்ளி மாற்றுச் சான்றிதழையோ பிறப்புச் சான்றிதழையோ பார்த்து, 2006ஆம் ஆண்டுச் சட்டத்தைச் சொல்லி நிறுத்துகிறார்கள். பத்திரிகை அடித்தாயிற்று, மண்டபத்துக்கு முன்பணம் போயிற்று, சொந்தக்காரர்கள் வந்திறங்கிவிட்டார்கள். அங்கே யாரும் நன்றி சொல்லப் போவதில்லை. அந்தப் பெண்ணேகூட அழுதுகொண்டு திட்டலாம்.

எழுதி வாங்கிக்கொண்டு திரும்பியதோடு வேலை முடிந்தது என்று நினைத்தால், அடுத்த வாரமே வேறொரு ஊர்க் கோயிலில் விடியற்காலையில் தாலி ஏறிவிடும். அடிக்கடி நடப்பது இதுதான். தடுக்கச் சில காரியங்களை விடாமல் செய்ய வேண்டும். பெண்ணைக் குழந்தைகள் நலக் குழு முன்பு நிறுத்த வேண்டும். குடும்பம் அடங்காது என்று தெரிந்தால் அந்தச் சட்டத்தின் 13ஆம் பிரிவில் நீதிமன்றத் தடை உத்தரவு வாங்க வேண்டும். பள்ளிக்குத் திரும்பிப் போனாளா என்று வகுப்பு ஆசிரியரிடம் வாராவாரம் கேட்க வேண்டும். வீட்டாரிடம், அரசுப் பள்ளியில் ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை படித்த பெண் கல்லூரிக்குப் போனால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும் என்ற கணக்கைச் சொல்ல வேண்டும். கல்யாணத்துக்கு அவசரப்படுத்தியது எது என்றும் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு காதலா, பாட்டியின் உடல்நிலையா, அம்மாவும் அப்பாவும் ஷிப்டுக்குப் போனபின் பெண் தனியாக இருக்கிறாள் என்ற பயமா? காரணத்துக்குத் தக்கபடிதான் வழி. நன்றியை எதிர்பார்த்து வந்தவர் முதல் வருகையோடு களைத்துப் போவார். இந்தப் பின்தொடர்தலில் ருசி கண்டவர் நிற்பார்.

கோபத்தால் வருகிறவர்களும் உண்டு. எனக்கு இவர்கள் மேல் தனி மதிப்பு இருக்கிறது. இங்கே கோபப்படக் காரணம் தேட வேண்டியதில்லை. கல்யாணச் செலவுக்கு மொத்தமாகத் தருகிறோம் என்று சொல்லி வெளி மாவட்டத்துப் பெண்களை மூன்று வருடம் மில் விடுதியில் வைத்துக்கொண்ட சுமங்கலித் திட்டம் இந்த மண்ணில்தான் நடந்தது. நொய்யலில் சாயக் கழிவு ஓடி ஒரத்துப்பாளையம் அணைத் தண்ணீர் விவசாயத்துக்கு உதவாமல் போனது. பெண் சிசுவைக் காப்பாற்றத் தொட்டில் குழந்தைத் திட்டம் 1992இல் முதலில் தேவைப்பட்டது சேலத்தில். தறிப்பட்டறையில் வாங்கிய முன்பணம் அப்பனிடமிருந்து மகனுக்கு இறங்குவதைப் பள்ளிபாளையத்தில் எந்தக் குழந்தையும் சொல்லும்.

கோபம் நல்ல எரிபொருள். ஆனால் அதற்கு நடைமுறை தெரிந்திருக்க வேண்டும். செங்கல் சூளையில் கொத்தடிமையாக இருக்கும் குடும்பத்தை மீட்பதைப் பாருங்கள். கூச்சல் போட்டுக்கொண்டு சூளைக்குள் போனால் அன்று இரவே லாரி ஏற்றி வேறு ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். கோட்டாட்சியரிடம் முன்கூட்டியே மனுக் கொடுத்து, அவர் தலைமையில் போக வேண்டும். விசாரணையை முதலாளியோ மேஸ்திரியோ கேட்கிற தூரத்தில் நடத்தக் கூடாது. "உங்களை அடிச்சாங்களா?" என்று தொடங்கினால் "இல்லீங்க, நல்லாத்தான் பாத்துக்கறாங்க" என்றுதான் பதில் வரும். அட்வான்ஸ் எவ்வளவு வாங்கினீர்கள், கணக்கு நோட்டு யாரிடம் இருக்கிறது, வாரத்துக்குக் கையில் எவ்வளவு தருகிறார்கள், நோம்பிக்குக் குடும்பத்தோடு ஊருக்குப் போக விடுவார்களா அல்லது ஒருவரை நிறுத்திக்கொள்வார்களா, வேறு சூளைக்குக் கூலி அதிகம் என்றால் போக முடியுமா என்று கேட்க வேண்டும். 1976ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் பார்க்கச் சொல்வது அடியை விட இந்தச் சுதந்திர இழப்பைத்தான்.

கொத்தடிமை என்று உறுதியானால் விடுதலைச் சான்றிதழ் வரும், கடன் சட்டப்படி அழிந்துபோகும். உடனடி உதவியாக 30,000 ரூபாய் வரை கிடைக்கும். மறுவாழ்வுத் தொகை வயது வந்த ஆணுக்கு 1 லட்சம், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் 2 லட்சம், மிகக் கொடிய சுரண்டலென்றால் 3 லட்சம். அந்தத் தொகை வழக்கின் முடிவோடு கட்டப்பட்டிருப்பதால் வருடக்கணக்கில் இழுக்கும். இதற்கிடையில் ரேஷன் கார்டும் சாதிச் சான்றும் வங்கிக் கணக்கும் குடியிருக்க இடமும் இல்லாத குடும்பம், ஆறு மாதத்தில் இன்னொரு சூளையில் இன்னொரு அட்வான்ஸ் வாங்கிவிடும். மீட்பு நாளில் புகைப்படத்தில் நின்றவர்கள் பலர் இந்த ஆறு மாதத்தில் காணாமல் போவார்கள். உங்கள் கோபம் தாலுகா அலுவலக வராண்டாவில் ஒரு சாதிச் சான்றுக்காகப் பொறுமையாக உட்காருமா என்பதுதான் கேள்வி.

சாதியைப் பற்றிச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். பக்கத்து ஊர்க் காலனிக்குள் களப்பணிக்குப் போனால் முதலில் பெயரைக் கேட்பார்கள், அடுத்து எந்த ஊர், எந்தத் தோட்டம் என்று கேட்டு நீங்கள் யார் வீட்டுப் பிள்ளை என்று கண்டுபிடித்துவிடுவார்கள். அவர்கள் கொடுக்கும் தண்ணீரைக் குடிக்கிறீர்களா என்று பார்ப்பார்கள். இது சின்ன சோதனை. பெரிய சோதனை, சாதி மாறித் திருமணம் செய்த இருவர் உயிருக்குப் பயந்து வந்து நிற்கும் நாள். 2015இல் திருச்செங்கோட்டிலும் 2016இல் உடுமலைப்பேட்டையிலும் நடந்த சாதிக் கொலைகளை இந்த வட்டாரம் மறந்திருக்க முடியாது. இப்படி வருகிற தம்பதிக்கு மாவட்டந்தோறும் சிறப்புப் பிரிவு வேண்டும், தேவைப்பட்டால் பாதுகாப்பான தங்குமிடத்தில் வைக்க வேண்டும் என்று 2018இல் உச்ச நீதிமன்றம் சக்தி வாஹினி வழக்கில் உத்தரவிட்டது. அந்த உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு, உங்கள் மாமாவின் நண்பராகக்கூட இருக்கக்கூடிய ஒருவரை எதிர்த்து நிற்க வேண்டி வரும். எல்லோருக்கும் உதவ வேண்டும் என்ற பொதுவான அன்பு அங்கே தாங்காது. யாருடைய உரிமைக்காக, யாருக்கு எதிராகவும் நிற்பேன் என்பதை முன்பே யோசித்தவர்கள்தான் தாங்குகிறார்கள்.

வேலைக்காக மட்டும் வருகிறேன் என்றால் அதில் வெட்கப்பட எதுவுமில்லை. பெற்றோரிடம் பேச உதவுவதும் இந்தப் பகுதிதான். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் 500 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் நல அலுவலர் வேண்டும் என்று விதித்த காலத்திலிருந்தே, கோவை, திருப்பூர், ஈரோட்டு மில்களிலும் பனியன் கம்பெனிகளிலும் எம்.எஸ்.டபிள்யூ. படித்தவர்களுக்கு இடம் இருந்து வருகிறது. வெளிநாட்டுக்குத் துணி விற்கும் கம்பெனிகளில் வாங்குவோரின் தணிக்கைக்குப் பதில் சொல்லவும் ஆள் வேண்டும். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள் நிறைந்த திருப்பூரில் இந்தியோ ஒடியாவோ தெரிந்தவருக்கு மதிப்பு தனி. 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி பாலியல் துன்புறுத்தல் புகார்க் குழு வேண்டும், அதில் வெளி உறுப்பினர் ஒருவர் இருக்க வேண்டும். நிகர லாபம் 5 கோடியைத் தொட்ட கம்பெனிகள் மூன்று வருடச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும், அதை நடத்தவும் ஆள் தேவை. மருத்துவமனைகளில் உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பாளர், மாவட்ட மனநலத் திட்டத்தில் மனநலச் சமூகப் பணியாளர், குழந்தைகள் பாதுகாப்பு அலகில் பணியிடங்கள் என்று வழிகள் உண்டு.

சம்பளத்தைப் பற்றி இனிப்பாகச் சொல்ல மாட்டேன். தொண்டு நிறுவனங்களில் தொடக்கச் சம்பளம் குறைவு. அரசுத் திட்டப் பணிகள் பெரும்பாலும் ஒப்பந்தம். கம்பெனி வேலையில் பணம் கூடுதல், ஆனால் தொழிலாளிக்கும் நிர்வாகத்துக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும் நாட்கள் வரும். விடுதிப் பெண்ணின் புகாரை மேலே கொண்டுபோவதா, அமுக்குவதா என்று உங்களிடமே விடப்படும். வேலைக்காக வந்தவருக்குள் வேறு ஒரு காரணம் முளைத்ததா என்பது அன்றைக்குத் தெரிந்துவிடும்.

பத்து, பதினைந்து வருடம் நிற்பவர்களை எது நிறுத்துகிறது? ஒரு வழக்கு அங்குலம் அங்குலமாக நகர்வதைப் பார்க்கும் நிறைவுதான் என்று உறுதியாகச் சொல்வேன். குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்ட வழக்கில் துணைநபர் என்று ஒரு பொறுப்பு உண்டு. குழந்தைகள் நலக் குழு நியமிக்கும். புகார் வந்த 24 மணி நேரத்தில் போலீஸ் அந்தக் குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். குழந்தையின் வாக்குமூலத்தைச் சீருடை இல்லாமல், குழந்தைக்குப் பிடித்த இடத்தில் எடுக்க வேண்டும். நீதிமன்றம் வழக்கை எடுத்துக்கொண்ட 30 நாளுக்குள் குழந்தையின் சாட்சியத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் தள்ளிப்போகும். தேதி மாறுவதை வீட்டுக்குச் சொல்வது, பஸ் செலவுக்கும் இடைக்கால இழப்பீட்டுக்கும் மனுப் போட வைப்பது, நீதிமன்ற அறை எப்படி இருக்கும் என்று குழந்தைக்கு முன்பே காட்டுவது, எதிர்த்தரப்புச் சொந்தக்காரர்கள் சமாதானம் பேச வந்தால் பதிவு செய்வது எல்லாம் துணைநபரின் வேலை. அவர் சரியாக இருந்தால் குழந்தை பேசும். இல்லாவிட்டால், நல்ல ஆதாரம் இருந்த வழக்கும் பிறழ் சாட்சியில் முடியும். இதைத் தெரிந்தே செய்கிறவருக்குத் தன் வேலை எதற்கு என்ற சந்தேகம் வராது.

உடைந்து போகிறவர்கள் பெரும்பாலும் தனியாக இருந்தவர்கள். தாளவாடி மலைக்கோ பர்கூருக்கோ ஒற்றை ஆளாக அனுப்பி, மாதம் ஒருமுறை அறிக்கை மட்டும் கேட்கும் நிறுவனத்தில் எவ்வளவு நல்ல மனசும் இரண்டு வருடத்தில் வறண்டுவிடும். தூக்கம் கெடும், கேட்ட கதைகள் வீட்டுக்கும் வரும், எரிச்சல் குழந்தைகள் மேல் விழும். ஊரில் வெசனம் என்பார்கள். அதைத் தனியாகச் சுமக்காமல் வாரம் ஒருமுறை அனுபவமுள்ள ஒருவரோடு உட்கார்ந்து பேச ஏற்பாடு இருக்கிறதா என்று வேலையில் சேரும் முன்பே கேட்க வேண்டும். சம்பளத்துக்கு அடுத்த கேள்வி இதுவாக இருக்கட்டும்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். பி.காம். தடை இல்லை, எந்தப் பட்டம் பெற்றவரும் எம்.எஸ்.டபிள்யூ.வில் சேரலாம். இரண்டு வருடப் படிப்பு. கோவையில் பாரதியார் பல்கலைக்கழகத்திலும் பி.எஸ்.ஜி. கலை அறிவியல் கல்லூரியிலும் இருக்கிறது, வேறு கல்லூரிகளும் உண்டு. கணக்குத் தெரிந்தவர் என்பதால் சுய உதவிக் குழு, சமூகப் பொறுப்பு நிதி, திட்ட நிர்வாகம் ஆகியவற்றில் உங்களுக்கு முன்கை இருக்கும். தொண்டு நிறுவனங்கள் அதிகம் தடுமாறுவது வரவு செலவு அறிக்கையில்தான்.

விண்ணப்பிக்கும் முன் இந்த விடுமுறையில் ஒரு மாதம், வாரம் இரண்டு நாள், ஒரே இடத்துக்குப் போங்கள். முதியோர் இல்லம், சிறப்புப் பள்ளி, வெளிமாநிலத் தொழிலாளர் பிள்ளைகளுக்கான மாலை வகுப்பு, எதுவானாலும் சரி. பிறந்தநாள் சாப்பாடு போடும் நாளில் போகாதீர்கள், யாரும் வராத செவ்வாய்க்கிழமையில் போங்கள். மூன்றாவது வாரத்தில் சலிப்பு வரும். அப்போதும் அங்கிருக்கும் ஒருவரைப் பற்றி, அவருடைய பென்ஷன் ஏன் நின்றது, மகன் ஏன் வருவதில்லை என்று தெரிந்துகொள்ள மனம் குறுகுறுத்தால் உங்களுக்கு இந்த வேலை பொருந்தும். சலிப்போடு நின்றுவிட்டால், வேறு வேலை பார்த்துக்கொண்டே மாதம் ஒரு தொகை கொடுங்கள். அதுவும் தேவைதான்.

நேர்காணலில் "ஏன் எம்.எஸ்.டபிள்யூ.?" என்று கட்டாயம் கேட்பார்கள். "சமுதாயத்துக்குச் சேவை செய்ய" என்ற பதில் எல்லோரிடமும் இருக்கும், அதனால் எதையும் காட்டாது. நீங்கள் பார்த்த ஒரு பிரச்சினை, அதற்கு யார் பொறுப்பு, அதில் உங்களுக்கு என்ன புரியவில்லை என்று மூன்று வாக்கியம் சொன்னால் போதும்.

வீட்டாருக்கு முக்கியமான பயம் நேரமும் பாதுகாப்பும். பெரும்பாலான கல்லூரிகளில் களப்பணி வாரம் இரண்டு நாள், அதோடு ஒரு வாரம் பத்து நாள் கிராம முகாம், கடைசியில் ஏறக்குறைய ஒரு மாத நிறுவனப் பயிற்சி. அட்டவணையை வாங்கி அவர்களிடம் காட்டுங்கள். முடிந்தால் துறைத் தலைவரோடு ஐந்து நிமிடம் பேசவையுங்கள். சேரும் கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தைப் பார்க்காமல், களப்பணிக்கு எந்தெந்த நிறுவனங்களுக்கு அனுப்புகிறார்கள், ஒரு ஆசிரியருக்கு எத்தனை மாணவர்கள், களக்குறிப்பேட்டை எத்தனை நாளில் திருத்தித் தருகிறார்கள் என்று கேளுங்கள். மூன்றாம் ஆண்டு மாணவர் கிடையாது என்பதால், இரண்டாம் ஆண்டு படிப்பவர்களிடமே அந்தக் குறிப்பேட்டைக் காட்டச் சொல்லிக் கேட்கலாம். ஓரத்தில் ஆசிரியரின் கையெழுத்துக் கேள்விகள் நிறைந்திருந்தால் அங்கே சேருங்கள்.